நாடாவின் மறுமுனை

கடலோரத்தில் டென்ட் போட்டுப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும் என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியாது. அக்காவுக்கு இடுப்பு வலிதான் வந்தது. கீழே கூழாங்கல், மேலே ஈரம், நடுவில் தலையணை உறைக்குள் ஆளைத் திணித்த மாதிரி ஒரு தூங்கும் பை. அதற்குள் புரண்டு படுப்பதென்றால் முதலில் எழுந்து, ஜிப்பைத் திறந்து, யோசித்து, திரும்பப் படுக்க வேண்டும். இதற்குக் காசு கொடுத்து வருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

கூட்டிக்கொண்டு வந்தவன் அவள் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்கக் கட்டடங்களின் இருட்டுக் குழியில் தொங்கிக்கொண்டு கிரீஸ் பூசுகிறவன், லீவு கிடைத்தால் ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையாகத் தேடிப் போய் டென்ட் அடிப்பான். கடையில்லை, கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை என்றால் அவனுக்குப் பரம சந்தோஷம். வந்து இறங்கியதும் ஒரு சின்ன மண்வெட்டியை அக்காவின் கையில் கொடுத்தான்.

"என்னடா இது?"

"பாத்ரூம்."

அக்கா மண்வெட்டியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அதை ஒரு கல்லின் மேல் சாத்தி வைத்தாள். சண்டை போடக்கூடத் தெம்பு வேண்டுமே.

தெம்பு போய்க் கொஞ்ச காலமாகிவிட்டது. யூனிஃபார்ம் தைக்கும் கடையில் பகல் முழுக்க மிஷின் மிதிப்பு. காலர், பாக்கெட், காஜா என்று ஒரே மாதிரி சட்டைகள் மலையாகக் குவிந்தபடி இருக்கும். வீட்டுக்கு வந்தால் அப்பா. கல்யாணம் என்று ஒன்று நடந்து, அந்த ஆள் போய்ச் சேர்ந்து, பிள்ளை குட்டி இல்லாமல் அப்பாவோடு வந்து ஒட்டிக்கொண்டவள் அவள். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் ஆபரேஷன் செய்ததிலிருந்து குரல் எழும்பாது, காற்று மாதிரிதான் வரும். காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆனால் வாய்க்கொழுப்பு மட்டும் ஒரு சுற்றுக் குறையவில்லை. மகளை அவர் கூப்பிடுவதே 'செக்கர்' என்றுதான். மாத்திரை போட்டாரா, கதவு சாத்தினாரா, வழுக்காத செருப்புப் போட்டாரா என்று அவள் எந்நேரமும் சோதனை போடுவாள். உத்தியோக காலத்தில் அவர் பயந்த ஒரே ஜீவராசி டிக்கெட் செக்கர்தானாம்.

ராத்திரிக்கு அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அப்பா உள்ளறையில் கட்டிலில் படுப்பார், அக்கா கூடத்தில் பாய் விரிப்பாள். கூப்பிட்டால் குரல் கேட்காதே. அதனால் கடையிலிருந்து ஒரு நீளமான வெள்ளை நாடா கொண்டுவந்து, ஒரு முனையை அப்பாவின் மணிக்கட்டில் கட்டினாள். அறைக்கதவின் கைப்பிடி வழியாக அதை இழுத்து வந்து, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். அவர் வேலை பார்த்த பழைய பஸ்ஸில் கூரையோடு ஒரு மணிக்கயிறு ஓடும். ஒரு தடவை இழுத்தால் நிறுத்து, ஆள் இறங்கணும். இரண்டு தடவை இழுத்தால் ரைட், போகலாம். அதே கணக்கைத்தான் அப்பா வீட்டிலும் வைத்தார். ஒரு இழுப்பு இழுத்தால் அக்கா எழுந்து ஓடுவாள். அவளுக்குக் கவலையாக இருந்தால் இந்தப் பக்கம் லேசாகச் சுண்டிப் பார்ப்பாள். அந்தப் பக்கமிருந்து இரண்டு இழுப்பு வரும். ரைட், தூங்கு.

போன மாதம் அப்பா விழுந்துவிட்டார். விடிந்து அவள் எழுந்து போனபோது வாஷ்பேசினுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கை தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "இப்பதான் விழுந்தேன் செக்கர், பதறாத" என்றார். நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் அவிழ்த்துக்கொண்டு போனதுகூடத் தெரியாமல் எருமை மாதிரி தூங்கியிருக்கிறோமே என்று அக்காவுக்கு நெஞ்சே ஆறவில்லை. அன்றிலிருந்து அவள் தூங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் விழிக்க வைத்துப் படுத்திருப்பாள். கடையில் மிஷின் ஊசி விரலுக்குள் இறங்கியது இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை.

இதைப் பார்த்துத்தான் தம்பி வந்து ஒற்றைக் காலில் நின்றான். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று ஏற்பாடு. அப்பாவை அவன் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள். அவள் பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறவள். பொறுப்பானவள், பொறுமையும் உண்டு. அக்காவுக்குப் பத்து சாக்கு ரெடியாக இருந்தது. ஆனால் அப்பாவே, "போயிட்டு வா செக்கர், எனக்கும் சோதனையில்லாம ரெண்டு நாள் இருந்து பாக்கணும்" என்றுவிட்டார். கிளம்பும்போது அவள் தலையில் கை வைத்தார். அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை அவர். தூக்கக் கலக்கத்தில் அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வந்து சேர்ந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோட்டில் காரை விட்டுவிட்டு, சேற்றுச் சரிவில் யாரோ கட்டிப்போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஒரு கடற்கரை. அது போதாது தம்பிக்கு. அங்கிருந்து ஒரு பெரிய பாறை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போனால் இன்னொரு கடற்கரை. அங்கேதான் டென்ட். கடல் இறங்கியிருக்கும்போது மூக்குக்கு அடியில் நடந்து தாண்டிவிடலாம். ஏறிவிட்டால் அவ்வளவுதான், மறுபடி இறங்கும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். பின்னால் ஏறிப் போகலாம் என்றால் செங்குத்துப் பாறையும் புதர்க்காடும். வழி சாயங்காலம் ஒரு தடவை திறக்கும், விடிவதற்கு முன் கும்மிருட்டில் ஒரு தடவை திறக்கும். பாசி வழுக்குகிற பாறையில் இருட்டில் கால் வைக்கிற பேச்சே கூடாது என்று தம்பி கண்டித்துச் சொல்லியிருந்தான். ஆக மொத்தம், சாயங்காலத்தை விட்டால் அடுத்த சாயங்காலம்தான்.

டென்ட் இரண்டு. தம்பியின் குறட்டைக்குத் தனி டென்ட் தேவை. கூழாங்கல்லில் முளை இறங்காது என்பதால் கயிறுகளைக் கரை ஒதுங்கிய பெரிய மரத்துண்டுகளில் கட்டினான். சாப்பாட்டு மூட்டையை எலிக்குப் பயந்து மரக்கிளையில் தொங்கவிட்டான். "எதாவது வேணும்னா கூப்பிடாத, இந்த இரைச்சல்ல கேக்காது" என்றான். கேட்காதுதான். அலை திரும்பும்போதெல்லாம் அத்தனை கற்களும் ஒன்றோடொன்று உரசி உருண்டு போகிற சத்தம், யாரோ பாத்திரக்கடையையே கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி இருந்தது. அக்கா தன் பையிலிருந்து ஒரு நாடாச் சுருளை எடுத்தாள்.

தம்பி அதைப் பார்த்தான். "இதை எதுக்கு இங்க கொண்டாந்த?"

"பையில கெடந்துச்சு" என்றாள். தானாக வந்து பையில் ஏறிக்கொண்டது போல.

அவன் மறுக்கவில்லை. ஒரு முனையைத் தன் டென்ட் வாசலில் கட்டிக்கொண்டான். அன்று இருட்டியதும் அவள் ஒரு தடவை சுண்டினாள். இரண்டு இழுப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சுண்டினாள், மறுபடி இரண்டு. அதற்கு மேல் அவன் எழுந்தே வந்துவிட்டான்.

"அக்கா, நான் எங்கயும் விழமாட்டேன். என் உயிரை வாங்காம தூங்கு."

அவள் தூங்கவில்லை. வீட்டில் அப்பா எழுந்திருப்பாரோ, தம்பி பெண்டாட்டி நாடாவை இறுக்கிக் கட்டியிருப்பாளோ, தளர்த்திக் கட்டியிருப்பாளோ என்று விடிகிற வரைக்கும் இதே ரோதனை.

காலையில் பனிமூட்டம் கடலை விழுங்கிவிட்டிருந்தது. சத்தம் மட்டும் வந்தது. தம்பி குட்டி அடுப்பில் டீ போட்டு, தகரக் கோப்பையில் கொடுத்தான். ஓடையிலிருந்து பிடித்த தண்ணீரே டீ நிறத்தில்தான் இருந்தது, அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரத்துண்டில் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் கிளம்பிடலாம்டா. எனக்கு இங்க இருப்பு கொள்ளல."

"நாளைக்குத்தானக்கா போறோம்."

"இன்னிக்கே போலாம். அங்க அப்பா என்ன பண்றாரோ."

தம்பி அடுப்பை அணைத்தான். அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லத் தெரியாதவன், பாவம். சின்ன வயதில் மிட்டாய் திருடினாலும் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போதும் சிவந்தது.

"என்னடா?" என்றாள் அக்கா.

"அப்பா நாளைக்குக் காலையில இல்லத்துக்குப் போறாரு. முதியோர் இல்லம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கே, அது. என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போய் விடச் சொல்லியிருக்காரு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். கவிழ்ந்து டீ கல்லுக்குள் போய்விட்டது.

"யாரு முடிவு பண்ணது?"

"அவருதான்."

"அவருக்கு என்ன தெரியும்? நீதான் ஓதியிருப்ப. வருஷத்துல நாலு நாள் வந்து பழத்தை வச்சிட்டுப் போறவன் நீ. நான் ஒரு நாள் உன்கிட்ட வந்து அழுதேனா? முடியலன்னு சொன்னேனா? என்னைக் கடல்ல கொண்டாந்து அடைச்சு வச்சிட்டு, அங்க அவரை மூட்டை கட்டி அனுப்புறீங்களா?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். மூக்குப் பாறையை நோக்கி ஒரே நடை. பனிக்குள் அது கறுப்பாகத் தெரிந்தது. முந்தின நாள் அவர்கள் நடந்து வந்த தடத்தில் இப்போது அலை ஏறி அடித்துக்கொண்டிருந்தது. முழங்கால்வரை இறங்கிப் பார்த்தாள். அடுத்த அலை இடுப்பில் அறைந்து அவளைக் கற்களின் மேல் உட்கார்த்தி வைத்தது. பின்னால் ஓடிவந்த தம்பி கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை.

"நானே கூட்டிட்டுப் போறேங்கா" என்றான் அவன், மூச்சு வாங்கிக்கொண்டு. "சாயங்காலம் தண்ணி இறங்கட்டும். விடியறதுக்குள்ள வீட்டுல இருக்கலாம். நீ ஒரு வார்த்தை போகாதன்னு சொன்னா அவரு போகமாட்டாரு. அது அவருக்கே தெரியும். அதனாலதான் உன்னை இங்க கூட்டிட்டு வரச் சொன்னாரு. 'செக்கர் மூஞ்சியப் பாத்தா நான் வண்டியில ஏறவே மாட்டேன்டா'ன்னாரு."

"ஏன்? நான் என்ன குறை வச்சேன் அவருக்கு?"

தம்பி ஈரக் கல் மேலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் தடுமாறியது நன்றாகத் தெரிந்தது.

"நாடா அவரு கையில இருக்கறதே இல்லக்கா. நீ கட்டிட்டுப் போனதும் அவுத்து, கட்டில் கால்ல கட்டி வச்சிடுவாராம். பல்லால அவுப்பாராம். நீ எழுந்திருக்கறதுக்கு முன்னால திரும்பக் கையில கட்டிக்குவாராம். ரொம்ப நாளா இப்படித்தான்."

"எதுக்கு?"

"நீ தூங்கணும்னுதான். தனியாவே சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போய் வந்திருக்காரு. அன்னிக்கு விழுந்தது விடியக்காலம் இல்ல. நீ படுத்த கொஞ்ச நேரத்துலயே விழுந்துட்டாராம். எழுந்திரிக்க முடியல. ராத்திரி பூரா அங்கயே உட்கார்ந்திருந்திருக்காரு."

அக்காவுக்கு முடிச்சு ஞாபகம் வந்தது. மணிக்கட்டின் உள்பக்கம் முடிச்சு வருகிற மாதிரிதான் அவள் எப்போதும் கட்டுவாள், உறுத்தாமல் இருக்க. காலையில் பார்த்தால் முடிச்சு வெளிப்பக்கம் இருக்கும். தூக்கத்தில் உருட்டிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தாள். தையல்காரி அவள், ஒரு தையல் தப்பினால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பவள். தினம் தினம் கண் முன்னால் இருந்த முடிச்சைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறாள். கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் சுண்டினால் அந்தப் பக்கமிருந்து ரைட் வராமல் போனதும் ஞாபகம் வந்தது. அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டிருந்தாள். அவர் விழுந்த பிறகு இத்தனை ராத்திரியும் கண்ணைக் கொட்டாமல் அவள் காவல் காத்தது ஒரு கட்டில் காலைத்தான்.

"நீ தூங்கறேன்னு அவரு நெனச்சாரு" என்றான் தம்பி. "உன் விரல்ல கட்டுப் பாத்தப்பதான் நீ தூங்கறதில்லைன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு. அன்னிக்குத்தான் பாக்க வந்த என் வீட்டுக்காரிகிட்ட எனக்குப் போன் போடச் சொன்னாராம்."

அவளுக்கு அழுகை வந்தது. வீம்புக்காரி, பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. அப்பா மேல் அவ்வளவு கோபம் வந்தது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சத்தம் போடாமல், மகள் தூங்கட்டும் என்று காத்திருந்த மனுஷன். அவர் எழுப்பியிருந்தால் அவள் ஓடியிருப்பாள். ஓடியிருப்பாள்தான். அலுத்துக்கொண்டே ஓடியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அலுப்பை வாயால் சொன்னதில்லை. கதவைச் சாத்துகிற விதத்தில், தம்ளரை வைக்கிற விதத்தில் அது தெரியாமலா போகும்?

தம்பி ஈரத்துணியை மாற்றச் சொன்னான். மாற்றினாள். எதையோ சூடாக்கிக் கொடுத்தான். சாப்பிட்டாள். சாயங்காலம் போய் அப்பாவிடம் என்ன பேசுவது என்று டென்ட்டுக்குள் படுத்து மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். 'நீங்க எங்கயும் போகக் கூடாது' என்று ஆரம்பிப்பாள். இனிமேல் நாடாவை அவர் அவிழ்க்க முடியாதபடி கட்டுவாள். இல்லை, நாடாவே வேண்டாம், அவர் அறையிலேயே படுத்துக்கொள்வாள். பகலில் யாரையாவது வைத்துக்கொள்ளலாம். கடையில் அரை நாள் கேட்கலாம். கட்டிலை வாசல் பக்கம் நகர்த்தலாம். வாஷ்பேசின் பக்கத்தில் ஒரு பிடி வைக்கலாம். ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தவள், எந்த இடத்தில் விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. தூங்கிப்போனாள்.

அப்படி ஒரு தூக்கம். கனவில்லை, புரளல் இல்லை, மணிக்கட்டு விழிப்பில்லை. பனி விலகி வெயில் டென்ட்டைச் சுட்டது தெரியவில்லை. ஈ ஒன்று முகத்தில் நடந்தது தெரியவில்லை. தம்பி இரண்டு தடவை எட்டிப் பார்த்து, மூச்சு வருகிறதா என்று பயந்து, வந்ததும் திரும்பிப் போனது தெரியவில்லை.

கண் திறந்தபோது டென்ட்டுக்குள் மஞ்சள் வெளிச்சம். சத்தம் குறைந்திருந்தது. அலை எங்கோ தூரத்தில் இருந்தது. கன்னத்தில் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. உடம்பில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு எல்லாம் கனத்துக் கிடந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று மனசு சொன்னது. உடம்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே தம்பியின் காலடி கேட்டது. வாக்குத் தவறாதவன். அவன் டென்ட்டைப் பிரித்து மடித்திருந்தான், பை முதுகில் ஏறியிருந்தது, கையில் டார்ச் இருந்தது. திறந்திருந்த வாசல் வழியாக அவன் முழங்கால்வரை அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, தண்ணி இறங்கிடுச்சு. மூக்கு தெரியுது. இப்ப நடந்தா சரியா இருக்கும். போலாமா?"

அவள் படுத்தபடியே பார்த்தாள். அவன் கால்களுக்கு அப்பால் ஈரப் பாறை வெளிச்சத்தில் மின்னியது. அடியில் வழி திறந்திருந்தது. நடந்தால் ரோடு, ரோட்டில் கார், விடிவதற்குள் வீடு. கதவைத் திறந்ததும் அப்பா 'என்ன செக்கர்' என்பார். அவள் போகாதே என்பாள். அவர் மறு பேச்சில்லாமல் தங்கிவிடுவார். ராத்திரி நாடாவைக் கட்டுவாள். அவள் போனதும் பல்லால் அவிழ்ப்பார். இருவரும் இருட்டில் ஆளுக்கொரு பக்கம் விழித்துக்கொண்டு, மற்றவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

போகாவிட்டால் அவர் நாளைக்குக் காலையில் இல்லத்துப் படியில் ஏறும்போது அவள் இருக்கமாட்டாள். அவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, அவள் இல்லையே என்று நிம்மதிப்படுவார். அதை நினைக்கத்தான் அவளுக்கு நெஞ்சு வலித்தது.

"அக்கா?"

தலைமாட்டில் நாடா கிடந்தது. முந்தின நாள் கட்டியது. தம்பி டென்ட்டை மடித்தபோது தன் முனையை அவிழ்த்துப் பையின் வாரில் சுற்றிவைத்திருந்தான். அக்கா கையை நீட்டி அதைப் பிடித்தாள். ஒரு தடவை இழுத்தாள்.

தம்பி அசையாமல் நின்றான். கண்டக்டர் பிள்ளை, பள்ளிக்கூட லீவில் அப்பாவின் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவன். இன்னொரு இழுப்பு வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தான். "நிறுத்தணுமாக்கா?"

"ஆமாண்டா" என்றாள். "எனக்கு முடியலடா. நான் இறங்கிக்கறேன்."

அவன் பையை முதுகிலிருந்து இறக்கிக் கல்லின் மேல் வைத்தான். மடித்த டென்ட்டை மறுபடி பிரிக்க ஆரம்பித்தான். அக்கா நாடாவைக் கையிலிருந்து விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்புவது போல டென்ட் துணியின் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கு எழுந்து ஜிப்பைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்து, திரும்பி, மறுபடி மூடிக்கொண்டாள். கடல் ஏறி மூக்கை மூடியபோது அவள் தூக்கத்தில் இருந்தாள்.